1942 கேமில் ரீவைண்ட் தட்டினால் அது கள்ளாட்டமா?

புளியரைக்காரன்:
காப்காம் கம்பெனியின் பழைய ஆர்கேட் கேம்களின் தொகுப்பான காப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நிண்டெண்டோ ஸ்விட்சில் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. 32 கேம் இருந்தும் நான் 1942 என்ற விமானச் சண்டை கேமை விட்டு நகரவே இல்லை. சின்ன வயதில் குற்றால சீசனுக்குக் கடை போடுவார்களே, அங்கே ஒரு ரூபாய் காசு போட்டு, அருவியில் குளித்த ஈரக்கையோடு பட்டனைத் தட்டுவேன், இரண்டு நிமிஷத்தில் மூன்று உயிரும் காலி, அப்பா அடுத்த காசு தரவே மாட்டார். இப்போது செத்தால் ரீவைண்ட், ஆட்டம் கொஞ்சம் பின்னால் போய் உயிர் திரும்பி வந்துவிடுகிறது. நேற்று அப்படியே 32 கட்டத்தையும் தாண்டினேன், ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. அப்புறம், டிவியில் ஆட்டம் நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரிகிறது. ஏதாவது கோளாறா?

அச்சன்கோவில் பஸ்:
கோளாறெல்லாம் இல்லை அண்ணாச்சி. கடையில் இருந்த மெஷினில் திரையை நெட்டுக்குத்தலாக வைத்திருப்பார்கள், அதனால்தான் பட்டை. ஸ்விட்சின் இரண்டு பக்க கன்ட்ரோலரையும் கழற்றிவிட்டுத் திரையை நெட்டாக நிறுத்துங்கள். படத்தைத் திருப்ப டிஸ்பிளே செட்டிங்கில் வழி இருக்கிறது. நான் புட்டுக் குடத்தில் சாய்த்து வைத்துத்தான் ஆடுகிறேன், சிரிக்காதீர்கள். டிவியில்தான் ஆடுவேன் என்றால் டிவியில் கேம் மோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பட்டனைத் தட்டி விமானம் நகர்வதற்குள் குண்டு வந்துவிடும்.

மேக்கரை மழை:
கள்ளாட்டம்தான், அதில் என்ன சந்தேகம்! ஆனால் பாடம் படிக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சிவப்பு விமானங்கள் கூட்டமாக வரும்போது ஒன்றைக்கூட விடாமல் சுட்டால்தான் பவ் (POW என்று எழுதிய பரிசு) விழும், அந்த ஆசையில் ஓரத்துக்குப் போய் மாட்டிக்கொள்வேன், குண்டுக்குத் தப்ப விமானம் போடுகிற குட்டிக்கரணத்தையும் வீணாக்குவேன் (அதற்கும் கணக்கு உண்டு). எந்த இடத்தில் தப்பு செய்கிறேன் என்று ரீவைண்டில் பார்த்துத்தான் புரிந்தது. தெரிந்த பிறகு முதலிலிருந்து, ரீவைண்டைத் தொடாமல் ஆடுங்கள். அடுத்த பாகமான 1943-க்குப் போனால் வேறு தலைவலி. சும்மா பறந்தாலே எனர்ஜி குறைந்துகொண்டே இருக்கும், பவ் எடுத்தால்தான் ஏறும். பதுங்கி விளையாடுகிற நம்மைப் போன்ற ஆட்களுக்கு அது சரிவராது.

கோட்டைவாசல்:
இதற்கே புலம்பினால் கோனாமி கம்பெனியின் பழைய கேம் தொகுப்பில் கிரேடியஸ் என்ற விண்கலச் சண்டை கேமை ஆடிப் பாருங்கள். 1985 கேம். ஒரு தடவை செத்தால் சேர்த்த ஆயுதமெல்லாம் போய், வெறும் துப்பாக்கியோடு பின்னால் ஒரு இடத்தில் விடுவான். அந்த நிலையில் கரையேறுவதற்குள் மிச்ச உயிரும் போகும். அங்கே சேவ் போடாத ஆளை நான் பார்த்ததில்லை.

புளியரைக்காரன்:
சரி, திரையை நிறுத்திவிட்டேன். புட்டுக் குடம் கேட்டதற்கு வீட்டில் முறைத்தார்கள், அரிசி டப்பாதான் கிடைத்தது. ரீவைண்ட் இல்லாமல் நாலாவது கட்டத்திலேயே முடிந்தது. திரும்ப ஆரம்பித்திருக்கிறேன், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், ஆட்டத்தை நிறுத்தி வைக்க மனசில்லை.