சோக்கைத் தள்ளினாலும் ஜெட் மேலே ஏறவில்லை

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. அப்பா வாங்கியது. நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலங்கை இலக்கத் தகடு இன்னும் அப்படியே இருக்கிறது. போன மார்கழியில் அது எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். இதே கோளாறில் நல்ல காபரேட்டரை (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) கழற்றிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நுவரெலியாக் குளிரில், பெற்றோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுக்காமல் காலையில் ஸ்டார்ட் ஆகாது. அன்றும் இழுத்தேன், உடனே பிடித்தது. சூடேறியதும் சோக்கைத் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். கிரகரி வாவியைத் தாண்டுவதற்குள் திணறத் தொடங்கியது. பின்னால் கறுப்புப் புகை, உள்ளே பெற்றோல் வாடை. டவுனில் ஒரு கராஜில் நான்கு பிளக்கையும் கண்டென்சரையும் மாற்றினார்கள். இரண்டே நாளில் புதுப் பிளக்கிலும் கரி. காபரேட்டர் முடிந்தது, வேறு தேடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

லபுக்கலைப் பக்கம், தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "தம்பி, சோக்க இழுங்க. இப்ப தள்ளுங்க" என்றார். இரண்டு மூன்று தடவை. அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டாஷ்போர்டில் குமிழ் முழுதாக உள்ளே போயிருந்தது. காபரேட்டருக்கு அடியில், பெற்றோல் வரும் சிறு குழாயான ஜெட் மட்டும் ஒரு பயறளவு கீழேயே நின்றது. பெருவிரலால் மேலே அழுத்தினார். 'டிக்'. இயங்கிக்கொண்டிருந்த எஞ்சினின் துடிப்பு அந்த நொடியே அடங்கியது.

இந்த வண்டியில் இருக்கும் எஸ்யூ (SU) வகைக் காபரேட்டரில் சோக் என்பது காற்றை மூடும் தகடு அல்ல. அது ஜெட்டைக் கீழே இறக்கும். ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும் ஊசிக்கும் ஜெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடி, பெற்றோல் அதிகம் வரும். ஜெட் திரும்ப ஏறாவிட்டால் நாள் முழுக்க சோக் இழுத்தபடி ஓடுவதுதான். எங்கள் வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, பழைய பெற்றோல் பிசினும் ஒட்டியிருந்தது. கழுவி, ஸ்பிரிங் மாற்றினோம்.

இன்னொன்றும் செய்தார். முன்பு கீழே கம்பளையில்தான் மிக்சர், அதாவது காற்று-பெற்றோல் கலவை அளவு, வைத்திருந்தோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக இருந்த அளவு இங்கே பெற்றோல் கூடிப்போகும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஜெட்டைத் தாங்கும் நட்டை அதன் ஒரு பக்க அளவு, இன்னொரு பக்க அளவு என்று மேலே திருகினார். ஒவ்வொரு தடவையும் காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் போலத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, எஞ்சின் நின்றுபோனால் குறைவு, கொஞ்சம் ஏறி இறங்கினால் சரி. அந்தப் பிஸ்டனின் அசைவை மட்டுப்படுத்தும் டாஷ்பொட்டில் மெல்லிய எஞ்சின் ஒயிலும் விட்டார்.

போன கிழமை பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் பிஸ்கட் நிறம், கலவை சரி என்பதற்கு அடையாளம்.