பந்துத் தொட்டியில் கையை அடிவரை விட்டுப் பார்த்தபோது

என் மகனுக்குத் தொடு உணர்வில் கூச்சம் அதிகம். சட்டைக் காலர் கழுத்தில் உரசினாலே அழுதுவிடுவான். அன்றாடச் செயல்களைச் சிரமமின்றிச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு அவனை அழைத்துச் சென்ற மையத்தில்தான், பிளாஸ்டிக் பந்துகளை நிரப்பிக் குழந்தைகளை விளையாட விடும் பந்துத் தொட்டியைச் சிகிச்சைக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிந்தேன். மார்பளவு பந்துகளுக்குள் உட்காரும்போது உடலின் எல்லாப் பக்கமும் சீரான அழுத்தம் படுவதால், இத்தகைய குழந்தைகளில் பலர் அமைதி அடைகிறார்கள் என்று அங்கிருந்த தெரபிஸ்ட் விளக்கினார். தொடக்கத்தில் விளிம்பைப் பிடித்தபடியே நின்றவன், நாளடைவில், வீட்டுக்குக் கிளம்பலாம் என்றாலே பந்துகளுக்குள் தலையை மறைத்துக்கொள்ளத் தொடங்கினான்.

அந்த மையத்தில் வார இறுதியில் பந்துகளை வலைப்பைகளில் அள்ளி, சோப்புத் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் உலர்த்துவார்கள். கொதிநீர் ஊற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்பதால் வெதுவெதுப்பான நீர்தான்.

இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணோடு ஒரு மாலில் இருந்த விளையாட்டுப் பகுதிக்குப் போனேன். கட்டாயம் என்று கூறி கவுண்டரிலேயே சாக்ஸை விற்றவர்கள், பந்துகளை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டதற்கு, "டெய்லி ஸ்ப்ரே அடிக்கிறோம் மேடம்" என்றார்கள். கையை அடிவரை விட்டுப் பார்த்தேன். நசுங்கிய பந்துகளுக்கிடையே முறுக்குத் துண்டுகள், ஒரு ஹேர்கிளிப், யாரோ ஒரு குழந்தையின் விரலிலிருந்து கழன்ற பிளாஸ்திரி; தரைவிரிப்போ பிசுபிசுவென்று ஒட்டியது. மேலே அடிக்கும் வாசனைத் தெளிப்பு இந்த ஆழத்துக்கு எப்படி வந்து சேரும்?

சிகிச்சை மையம் என்றாலே சுத்தமாக இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆறு பிசியோதெரபி மையங்களின் தொட்டிகளில் வெவ்வேறு ஆழங்களிலிருந்து பந்துகளை எடுத்துச் சோதித்து, 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள் உட்பட ஏராளமான நுண்ணுயிரிகள் இருந்ததாகவும், அவற்றின் அளவு மையத்துக்கு மையம் பெரிதும் வேறுபட்டதாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கழுவும் முறை சரியாக இருந்தால் நிலைமை மாறும் என்றே அதைப் புரிந்துகொள்கிறேன்.

சறுக்குமரம் நேராகத் தொட்டிக்குள் முடியும் இடங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு: பந்துகளுக்குள் மறைந்திருக்கும் சிறு குழந்தையின் மீது பெரிய பிள்ளைகள் தெரியாமல் வந்து விழுந்துவிடுவார்கள். ஆகவே இப்போது கூட்டம் குறைந்த வார நாள் காலைகளில், அவன் கையில் காயம் ஏதும் இல்லாதபோது மட்டும், பந்துகளை வெளியே எடுத்துக் கழுவுகிறோம் என்று சொல்லும் இடத்துக்கே அழைத்துப் போகிறேன். வெளியே வந்ததும் சிற்றுண்டிக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.