கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது: ஏசி கெப்பாசிட்டரை நாமே மாற்றலாமா?

தென்னூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. இன்வெர்ட்டர் வகை அன்று. ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. சில நாட்களாக உள்ளே காற்று மட்டும் வருகிறது, குளிர்ச்சி இல்லை. மொட்டை மாடித் தளத்தில் இரும்புத் தாங்கியின் மேல் இருக்கும் வெளி யூனிட்டின் அருகில் நின்று கவனித்தால், அதன் விசிறி சுழல்கிறது. ஆனால் கம்ப்ரசர் சில நொடிகள் உறுமிவிட்டு, ‘டிக்’ என்ற ஓசையுடன் அடங்கிவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் அதே உறுமல். பார்க்க வந்த மெக்கானிக் பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றாமல், கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கெப்பாசிட்டர் பழுதானாலும் இப்படித்தான் ஆகும் என்று படித்தேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். வீட்டில் சுவிட்ச், ப்ளக் மாற்றும் அளவுக்குப் பழக்கம் உண்டு. இந்த வேலையை நானே பாதுகாப்பாகச் செய்ய முடியுமா?

கரூர் மின்பணி:

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கெப்பாசிட்டரைத்தான். கம்ப்ரசர் மோட்டாரின் துணைச் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கட்டம் மாற்றிக் கொடுப்பது அதுவே. அதன் கொள்ளளவு குறைந்துவிட்டால் மோட்டாருக்குத் திரும்பும் விசை போதாமல், நின்ற இடத்திலேயே அதிக மின்னோட்டத்தை இழுத்து உறுமும், சூடேறியதும் ஓவர்லோடு பாதுகாப்பு துண்டித்துவிடும். நீங்கள் கேட்ட ‘டிக்’ ஓசை அதுதான். சில நூறு ரூபாய் பொருளைச் சோதிக்காமல் கம்ப்ரசரை மாற்றச் சொல்வது சரியன்று.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. மின்சாரம் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்வதில்தான் கவனம் வேண்டும். ரிமோட்டில் அணைப்பது போதவே போதாது. வெளி யூனிட்டுக்குப் போகும் இரு கம்பிகளில் ஒன்றை மட்டுமே உள் யூனிட்டின் ரிலே துண்டிக்கிறது. உங்கள் ப்ளக் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அந்த ரிலே நியூட்ரலைத்தான் துண்டிக்கும். கம்ப்ரசர் நின்றிருக்கும், ஆனால் அதன் முனைகளில் 230 வோல்ட் இருந்துகொண்டேயிருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் எம்சிபிக்கும் (மின்பெட்டியில் உள்ள தானியங்கித் துண்டிப்பான்) இதே குறை உண்டு. எனவே எம்சிபியை இறக்கி, ஸ்டெபிலைசரின் ப்ளக்கையும் கையால் உருவி, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. வேறு யாரும் திரும்பச் செருக மாட்டார்கள். ப்ளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருந்தால் மெயினையே இறக்குங்கள்.

அடுத்தது கெப்பாசிட்டருக்குள் தங்கியிருக்கும் மின்னூட்டம். வழக்கமாக அது மோட்டாரின் சுருள்கள் வழியாகவே வடிந்துவிடும். அதனால்தான் பலர் ஒன்றும் ஆகாது என்று துணிந்து கை வைக்கிறார்கள். ஆனால் லக்கு (கம்பி நுனியில் உள்ள, முனையில் செருகும் உலோகப் பிடி) கருகியோ சுருள் அறுந்தோ இருந்தால் வடிய வழியே இல்லை. பழுதான யூனிட்டில்தானே அப்படி இருக்க வாய்ப்பு அதிகம்? 45 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 400 வோல்ட்டில் மூன்றரை ஜூலுக்குச் சற்று மேல் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளைத் தட்டிப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். முனையும் உருகும், கையும் உதறும். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் காப்பிட்ட கம்பி இணைத்து, முனைகளுக்கிடையே பத்து நொடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரில் அளக்கும்போது டிசி (நேர்மின்) வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். தங்கியிருப்பது டிசி என்பதால், ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்தால் பூஜ்யம் காட்டி ஏமாற்றிவிடும். நியான் டெஸ்டரும் இதற்கு உதவாது. அந்த மின்னழுத்தம் இரு முனைகளுக்கு இடையில் இருப்பதே தவிர, பூமியை நோக்கியதன்று. அதே காரணத்தால் ஆர்சிசிபியும் (பூமிக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் கருவி) இங்கே காப்பாற்றாது.

மின்னூட்டம் போனதை உறுதி செய்த பின், கம்பிகள் எந்த முனையில் இருக்கின்றன என்று தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கழற்றிவிட்டுக் கெப்பாசிட்டரின் கொள்ளளவை மீட்டரில் அளந்து பாருங்கள். கழற்றாமல் அளந்தால் சுருள்களும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும்.

இது படிக்கும் மற்றவர்களுக்கு: இன்வெர்ட்டர் ஏசியில் இந்தக் கெப்பாசிட்டரே கிடையாது. அதன் பலகையில் இருப்பவை வேறு வகை, 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தாங்குபவை. அவற்றில் கை வைக்க வேண்டாம்.

மாடிவீட்டுக்காரர்:

முன்னவர் சொன்னதுடன் இரண்டு செய்திகள். மாலை நேரத்தில் மட்டும் இந்த உறுமல் வருகிறதா என்று கவனியுங்கள். கோடையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்கும். அப்போது நல்ல கெப்பாசிட்டர் இருந்தாலும் கம்ப்ரசர் எழும்பாது. மற்றொன்று, உங்கள் யூனிட் தளத்தின் மேல் இருப்பதால்தான் இந்தப் பேச்செல்லாம். வெளிச்சுவரில் தாங்கி அடித்துத் தொங்கவிட்டிருப்பவர்கள் சன்னல் வழியாக எட்டிச் செய்ய நினைக்கவே கூடாது. சிறு அதிர்ச்சியில் கை உதறினாலே ஆள் கீழே விழ நேரும்.

தென்னூர்வாசி:

இருவருக்கும் நன்றி. காலையில் அளந்தபோது 228 வோல்ட் இருந்தது, உறுமல் அப்போதும் இருந்தது. சொன்னபடியே செய்து மூடியைக் கழற்றினேன். கெப்பாசிட்டரின் தலைப்பகுதி உப்பியிருக்கிறது. மூன்று முனைகள்; மேலே 45+5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று அச்சாகியுள்ளது. விசிறிப் பக்கம் 4.8 காட்டுகிறது, கம்ப்ரசர் பக்கம் 11 மட்டுமே. கடைக்காரரிடம் 45+5 இல்லை. 50+5 போட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார். வாங்கலாமா?

கரூர் மின்பணி:

வாங்க வேண்டாம். 5 சதவீதம் என்றால் 42.75 முதல் 47.25 வரைதான் ஏற்கத்தக்கது. 50 போட்டால் துணைச் சுருளில் தேவைக்கு மேல் மின்னோட்டம் ஓடி, அது சூடேறும். இன்று கிளம்பிவிடும், ஆனால் சுருளின் ஆயுள் குறையும். மைக்ரோ ஃபாரட் அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் 440-க்குக் குறையக் கூடாது, கூடினால் தவறில்லை. 230 வோல்ட் வீட்டுக்கு எதற்கு 440 என்று தோன்றும். மோட்டார் ஓடும்போது துணைச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் சேர்வதால், கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே வரும் வோல்ட் லைன் வோல்ட்டைவிட அதிகம். 45+5 எங்குமே கிடைக்காவிட்டால், 45 ஒன்றும் 5 ஒன்றும் தனித்தனியாக வாங்கிப் பொது முனைகளை இணைத்துக்கொள்ளலாம். மேலுறையில் ஐ.எஸ். 2993 அல்லது ஐ.இ.சி. 60252 தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரே இல்லாத சரக்கு நிறைய புழங்குகிறது.

இதற்கு நேர், எதிர் என்ற முனை வேறுபாடு இல்லை. ஆனால் சி (பொது முனை), ஃபேன் (விசிறி), ஹெர்ம் (கம்ப்ரசர்) என்ற மூன்றும் இடம் மாறக் கூடாது. லக்குகள் இறுக்கமாகச் செருகியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் இடுக்கியால் மெல்ல நெரித்துச் செருகுங்கள். கெப்பாசிட்டரைப் பிடிக்கும் பட்டையை இறுக்கும்போது அதன் தலைக்கு மேல் விரலளவு இடைவெளி விடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் தலை உப்பி இணைப்பை அறுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். யூனிட்டின் மூடி தலையை அழுத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யாது. உங்கள் பழையது உப்பியதும் உள்ளே அழுத்தம் ஏறியதால்தான்.

மூடியைப் பொருத்திய பிறகே மின்சாரம் கொடுங்கள். கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் வரை தாமதிக்கலாம். புதியது போட்டும் உறுமிவிட்டு நின்றால், மீண்டும் மீண்டும் முயலாமல் அணைத்துவிட்டு, கம்ப்ரசரின் சுருள் மின்தடையை அளக்கத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். அப்போதுதான் அந்த மெக்கானிக் சொன்னதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.