கவுன்சிலர் மாறினால் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டுமா?

நொய்யல்கரை

கோவையில் நான் போகும் கவுன்சலிங் சென்டர் சின்னது. கீழே மருந்துக்கடை, மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம், கணவருக்கு மாற்றல் வந்ததால் ஊரை விட்டுப் போய்விட்டார். திடீரென்று போகவில்லை. முன்கூட்டியே சொல்லி, கடைசி செஷன்களை விடைபெறுவதற்கென்றே ஒதுக்கியிருந்தார். அந்த மட்டில் நிம்மதி. அப்புறம் ரிசப்ஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. புதிய தெரபிஸ்ட் சேர்கிறாராம். சிரித்த முகத்தோடு ஒரு போட்டோ, படிப்பு, கீழே ஆங்சைட்டி, டிரௌமா, ரிலேஷன்ஷிப் என்று ஒரு வரிசை. ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதை வைத்து ஆள் எப்படி என்று என்ன தெரியும்?

அப்பா போனது, அதற்குப் பிறகு நடுராத்திரியில் நெஞ்சு படபடத்து எழுந்தது, மாரடைப்போ என்று இ.சி.ஜி. எடுக்க ஓடியது, கடைசியில் அது பேனிக் அட்டாக் என்று தெரிந்தது. இதையெல்லாம் இன்னொருவரிடம் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டுமே என்பதுதான் என் பயம். ஒருமுறை சொன்னதற்கே இரண்டு நாள் தூக்கம் போனது.

போனேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "உங்களை அக்கான்னு கூப்பிடட்டுமா, பேர் சொல்லியே கூப்பிடட்டுமா?" பேரே சொல்லுங்கள் என்றேன். அக்கா என்று யாராவது கூப்பிட்டால் அவர்கள் சாப்பிட்டார்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். அங்கே காசு கொடுத்து அதைச் செய்யக்கூடாது என்று தோன்றியது.

அடுத்து அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. "உங்க ஃபைல்ல முதல் பக்கச் சுருக்கம் மட்டும் படிச்சேன். என்ன பிரச்சினைன்னு வந்தீங்க, மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா, உயிரை மாய்ச்சுக்கிற எண்ணம் வந்ததுண்டா, இதெல்லாம் எனக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். மத்த நோட்ஸைத் திறக்கலை. படிக்கவா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

சுருக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: அப்பாவின் மரணம் பற்றிய பேச்சு வரும்போது வேறு விஷயத்துக்குத் தாவுகிறார். முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்த நிமிஷமே "இந்த ஏ.சி. சத்தம் போடுதே" என்று சொல்ல வாயெடுத்திருந்தேன். மற்றதெல்லாம் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கதையைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. முந்தைய செஷன்களில் எது உதவியது, எது உதவவில்லை என்று மட்டும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் எனக்குப் படபடப்பு கூடத்தான் செய்யும். பழைய மேடம் மனசு நோகுமே என்று அதைச் சொன்னதில்லை. புதியவரிடம் அந்தத் தயக்கம் இல்லை, அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி இல்லையே அது! சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்றார். அதற்குப் பதில் கண்ணைத் திறந்தபடியே பாதத்தைத் தரையில் அழுத்தி, பார்க்கிற ஐந்து பொருள், தொடுகிற நான்கு, கேட்கிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று எண்ணச் சொல்லிக்கொடுத்தார். ருசிக்கு மட்டும் கையில் ஏலக்காய் வைத்துக்கொள்கிறேன்.

படிப்பைப் பற்றியும் கேட்டேன். முகம் சுளிக்காமல் சொன்னார்: கிளினிக்கல் சைக்காலஜியில் இரண்டு வருட எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு. எண்ணையும் காட்டினார். ஒரு சீனியரிடம் பேர் சொல்லாமல் கேஸ்களை விவாதிப்பேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார்.

நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்? முதலிலிருந்து சொன்னீர்களா, ஃபைலைப் படிக்கச் சொன்னீர்களா?

ஆவடி லோக்கல்

நான் நேர் எதிர்க் கட்சி. எனக்கு வந்தவர் ஃபைலைத் தொடவே இல்லை. "சார், நீங்களே சொல்லுங்க" என்றார். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். முன்பு சொன்னபோது என் கதையில் வில்லன் ஆபீஸ் மேனேஜர். இப்போது சொல்லச் சொல்ல மேனேஜர் ஒரு ஓரமாக நகர்ந்துவிட்டார், நடுவில் என் அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டான். பழைய நோட்ஸைப் படித்திருந்தால் அவரும் மேனேஜரையேதான் நோண்டிக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொன்று, ஆள் மாறினால் முறையும் மாறும். பழையவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். இவர் சி.பி.டி. ஆள், அதாவது நம் நினைப்பையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்குகிற சிகிச்சை. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய முறை அது. போனதும் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க பி.எச்.க்யூ. 9 என்று ஒரு தாள் கொடுத்தார். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து நிரப்ப வேண்டும். அப்புறம் வீட்டுப்பாடம்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எவ்வளவு வலித்தது, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டே எழுதுவேன். எதிர் ஆதாரக் கட்டம்தான் நிரம்பவே நிரம்பாது. இப்போது கொஞ்சம் நிரம்புகிறது.

பாளையங்கோட்டை அம்மா

என் மகள் ப்ளஸ் டூ. பழைய மிஸ் போனதும் இனி வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். புதியவர் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, என்னிடம் எதைச் சொல்வார், எதைச் சொல்லமாட்டார் என்று அவள் முன்னாலேயே பேசி முடித்தார். மார்க், சண்டை, சிநேகிதம் எல்லாம் அவர்களுக்குள். உயிருக்கு ஆபத்து என்றால் என்னிடம் வரும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஏதாவது தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும், அதில் தனக்கு வேறு வழியில்லை என்றும் விளக்கினார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்து ஒரு முழு வாரமலரைப் படித்தேன், ஒரு வரி மனதில் ஏறவில்லை. வெளியே வந்தவள் "பரவாயில்லம்மா" என்றாள். அவள் வாயில் அது பெரிய சர்டிபிகேட்.

பெயர் வேண்டாமே

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஊர், சென்டர் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கு வந்த புதியவர் பாதி நேரம் தன் விவாகரத்தைப் பற்றியே பேசினார். மீதி நேரத்தில், உனக்கும் ஒரு கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். என் பழைய கவுன்சிலர் எழுதியதை ரிசப்ஷனில் இருந்த பெண்ணும் படித்திருக்கிறாள் என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. மறுபடி போகவில்லை. ஆளைப் பிடிக்க மூன்று நான்கு செஷன் ஆகும், பொறுத்துப் பார் என்று தோழி சொன்னாள். கூச்சம் போக அவ்வளவு நாள் ஆகலாம், சரி. இது கூச்சம் இல்லையே.

வார்டு எண் ஏழு

நான் மனநல சமூகப் பணியாளர், அரசு மருத்துவமனையில் வேலை. ஃபைல் விஷயம் வந்ததால் எழுதுகிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. சிகிச்சைக்காக இன்னொரு மனநல நிபுணரிடம் பகிர்வது அதில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே புதியவர் படிப்பது தப்பில்லை. ரிசப்ஷனிஸ்ட் படிப்பது தப்பு, அதைக் கேட்கலாம், எழுதியும் கொடுக்கலாம். 25-ஆம் பிரிவின்படி உங்கள் பதிவை நீங்கள் பார்க்கக் கேட்கலாம். உங்களுக்கே கடும் மனப் பாதிப்பு வரும் என்றாலோ மற்றவருக்கு ஆபத்து என்றாலோ சில பகுதியை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான்.

நொய்யல்கரை, உங்கள் தெரபிஸ்ட் செய்தது நல்ல முறை. ஆனால் எல்லா இடத்திலும் அது நடக்காது. எங்கள் ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைக்கிற நேரத்தில் முதல் பக்கத்தைப் படித்தாலே பெரிய விஷயம். அதனால் நான் சொல்வது, அந்தச் சுருக்கத்தை நீங்களே அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை. கதை வேண்டாம். கதையை எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.

பதிவு பற்றி ஒரு திருத்தம். மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்களுக்கு உரியது. எம்.எஸ்ஸி. படித்த நல்ல கவுன்சிலர்கள் பலரிடம் அந்த எண் இருக்காது. அவர்களை 2021-ல் வந்த இன்னொரு சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எண் இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி, யார் மேற்பார்வை என்று கேளுங்கள்.

மலைக்கோட்டை

எங்கள் சென்டரில் பழையவர் போய்ப் புதியவர் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாட்கள்தான் கஷ்டம். ஒரு ராத்திரி தாங்காமல் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி சேவை, 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசினார்கள். தொடர் கவுன்சலிங்குக்கு அது ஈடாகுமா என்று தெரியாது, அந்த ராத்திரிக்குப் போதுமாக இருந்தது.

புதியவர் வியாழக்கிழமை சேர்கிறாராம். முதலில் பதினைந்து நிமிஷம் போனில் கட்டணமில்லாமல் பேசிப் பார்க்கலாம் என்று சென்டரில் சொன்னார்கள். சமூகப் பணியாளர் சொன்ன அரைப் பக்கம் தயார். கடைசியில் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: ஆங்கிலத்தில் பேசினால் எனக்கு அழுகை வராது, தமிழில் பேசுங்கள். நான் அழுதால் உடனே டிஷ்யூவை நீட்டாதீர்கள், கொஞ்சம் அழ விடுங்கள்.