துணிப் பக்கத்தில் மட்டும் பிரஸ் பட்டன் கழன்றுவிடுகிறது

சென்னை பெரியமேட்டில் வாங்கிய 2 மி.மீ. மாட்டுத்தோலில் மூடியும் கேன்வாஸ் துணியில் உடலுமாக அம்மாவுக்கு ஒரு தோள்பை தைத்து வருகிறேன். பிரஸ் பட்டன் அடிப்பது இதுவே முதல் முறை. நான்கு பாகங்கள் கொண்ட பித்தளைப் பட்டன். வெளியே தெரியும் தொப்பியின் அகலம் 15 மி.மீ., துளைக்குள் நுழைந்து அடிக்கும்போது விரியும் காம்பின் நீளம் 6 மி.மீ.

தோலில் அடித்த தொப்பி அசையாமல் நிற்கிறது. துணியில் அடித்த குமிழோ (மூடியின் பட்டனுக்குள் அழுந்திப் பூட்டும் பாகம்) கையால் திருகினாலே சுழல்கிறது. நான்கைந்து முறை திறந்து மூடியதும் நூலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தால், காம்பின் விளிம்பு சீராக விரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கியிருக்கிறது.

இரண்டு வாரங்களில் பதினொரு பட்டன்கள் வீணாயின. துளையை 5 மி.மீ.இலிருந்து 4 ஆகக் குறைத்தேன். மரமேசையை விட்டுக் கருங்கல் பலகையின்மேல் வைத்து, ஓங்கி ஒரே அடியாக அடிக்காமல் மெதுவாகப் பல அடிகள் அடித்தேன். துணியை இரண்டாக மடித்தும் பார்த்தேன். பின்னால் தோல்துண்டு வைத்தபோது மட்டும் உறுதியாக நின்றது, ஆனால் அந்த இடம் தடித்துப் பையின் வடிவம் கெடுகிறது.

மெல்லிய துணிக்குக் காம்பு குட்டையான பட்டனை வாங்க வேண்டுமா, அல்லது இதே பட்டனைத் தடிப்பில்லாமல் நிலைநிறுத்த வேறு வழி உண்டா?