இரண்டாவது நேர்காணல் முடிந்தது, பதிலில்லை: நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

லூனாஸ்காரி:
மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் ஒரு கிளினிக்கில் முகப்பு வேலை பார்த்துக்கொண்டே, கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். முதல் நேர்காணல் தொலைபேசியில் நடந்தது. இரண்டாவதற்கு நேரில் அழைத்தார்கள். பிரிவுத் தலைவர் நன்றாகப் பேசினார், அடுத்த மாதக் கடைசியில் சேர முடியுமா என்றுகூடக் கேட்டார். "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்றார்கள். அந்த வாரம் போனது, அதற்கடுத்ததும் போனது. அம்மா வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் வேலியோரம் நின்று, "கூலிம் வேலை என்னம்மா ஆயிற்று?" என்று விடாமல் கேட்டார்.

வெறுமனே "முடிவு என்ன?" என்று கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் கேட்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. கிளினிக் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதியிருக்கவில்லை. அப்படி எழுதாதபோது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். எனக்கு 6 வாரம். மனிதவளப் பிரிவு அம்மையாருக்கு மலாயில் மின்னஞ்சல் எழுதினேன்: பெயர், பதவி, நேர்காணல் நடந்த தேதி, பிறகு ஒரே கேள்வி. "நீங்கள் சொன்ன நாளில் சேர வேண்டுமானால் இங்கே 6 வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். முடிவு எப்போது தெரியும்?"

அன்று மாலையே பதில் வந்தது. பிரிவுத் தலைவர் சம்மதித்துவிட்டாராம், சம்பள ஒப்புதல்தான் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிற்கிறதாம். வேலை கிடைத்தது, சேரும் தேதியையும் தள்ளிக் கொடுத்தார்கள். கடிதம் கைக்கு வரும்வரை கிளினிக்கில் நான் மூச்சுவிடவில்லை.

செம்பனைக்காட்டான்:
அக்கா, தொழிற்சாலைக்கு அது சரி. செம்பனைத் தோட்டத்தில் மின்னஞ்சலை யார் திறந்து பார்க்கிறார்கள்? சின்னக் கிராணி (இளநிலை எழுத்தர்) வேலைக்கு மேனேஜரே இரண்டாம் முறை கூப்பிட்டுப் பேசினார், பிறகு பேச்சுமூச்சில்லை. நேரில் போனேன். பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது) முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போன பிறகுதான் ஆபீஸில் கொஞ்சம் ஓய்வு இருக்கும். சம்பள வாரத்தில் மட்டும் அந்தப் பக்கமே போகக்கூடாது. பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சம்பளக் கணக்கைக் கணினியில் போடத் தெரிந்த ஆளை எடுத்துவிட்டார்கள். நீ காத்திருக்காதே." வருத்தம்தான். ஆனாலும் மறுநாளே சுங்கை பட்டாணியில் கிடங்கு வேலைக்குச் சம்மதம் சொல்ல முடிந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம்:
சுங்கை பட்டாணியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், கொஞ்சம் எங்கள் கதையையும் கேளுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. எங்கள் கிளைக்கும் அதுதான். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தலைமையகத்துக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஆள் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். நடுவில் ஒரு பெருநாள் வந்தால் கேட்கவே வேண்டாம். "ஒரு வாரம்" என்று நாங்கள் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. முதலில் தேர்வானவர் கையெழுத்திடும்வரை, அடுத்த இடத்தில் இருப்பவருக்கு ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. நல்ல பழக்கமில்லை, ஆனால் பல இடங்களில் நடப்பது இதுதான். அந்த இரண்டாமவர் லூனாஸ்காரி எழுதியதுபோல் தேதியோடு கேட்டால், மேலிடத்தை அவசரப்படுத்த எங்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) தினமும் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் அனுப்புவதால் ஒன்றும் நகராது. இரவு பத்து மணிக்கு அழைப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கூலிம் தம்பி:
என் விஷயத்தில் அவர்கள்தான் என்னைத் துரத்தினார்கள். இரண்டு நேர்காணலும் டெலிகிராமில், முகம் காட்டாமல். மறுநாள் காலையிலேயே "தேர்வாகிவிட்டீர்கள், சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் முன்பணம் கட்டுங்கள்" என்று செய்தி. தனியாள் பெயரில் வங்கிக் கணக்கு. அலுவலக முகவரி கேட்டேன், எண்ணைத் தடுத்துவிட்டார்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணுக்கோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.