காண்ட்ராக்ட்டில் வந்த ‘அவாய்ட்’

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவனாக இருக்கிறேன். ‘அவாய்ட்’ என்றால் தவிர்ப்பது என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கும் ஏற்றுமதிக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

ஜெர்மன் பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவரின் காண்ட்ராக்ட்டில், சரக்கு தாமதமானால் ‘பையர் மே டிக்ளேர் த காண்ட்ராக்ட் அவாய்டட்’ என்று ஒரு வரி இருந்தது. முதலாளி படித்துவிட்டு, “ஏங்கண்ணு, லேட்டானா அடுத்த ஆர்டர் குடுக்க மாட்டாங்கன்னுதான போட்டிருக்குது? எல்லாரும் சொல்றதுதான்” என்று பேனாவை எடுத்துவிட்டார்.

“இல்லீங்கண்ணா, இந்த ஆர்டரே செல்லாதுன்னு அறிவிச்சுக்கலாம்னு அர்த்தமுங்க” என்றேன். பேனா கீழே போனது.

‘அவாய்ட்’ என்ற சொல்லுக்குள் ‘வாய்ட்’, அதாவது வெறுமை, செல்லாதது என்ற சொல் இருக்கிறது பாருங்கள். பழைய பிரெஞ்சில் காலி செய்வதைக் குறித்து, ஆங்கிலத்துக்கு வந்த சொல். பேச்சில் அந்தப் பொருள் போய்விட்டாலும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. சர்வதேச சரக்கு விற்பனைக்காக 1980ல் வியன்னாவில் உருவான ஐ.நா. உடன்படிக்கை முழுக்க ‘அவாய்ட்’ இதே பொருளில்தான் வருகிறது. இந்தியா அதில் சேரவில்லை, ஜெர்மனி சேர்ந்திருக்கிறது. காண்ட்ராக்ட்டில் ஜெர்மன் சட்டம் என்று போட்டு, இந்த உடன்படிக்கை வேண்டாம் என்று தனியாக எழுதாவிட்டால் இதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

அதில் நமக்குச் சாதகமானதும் உண்டு. பையர் கூடுதல் கெடு கொடுக்கலாம். அதற்குள்ளும் சரக்கு போகாவிட்டால் ‘அவாய்ட்’ செய்யலாம் என்கிறது 49ஆம் பிரிவு. நமக்குத் தெரிவிக்காமல் செய்தால் செல்லாது என்பது 26ஆம் பிரிவு. டையிங்கில் (சாயம் போடுவதில்) ஷேடு ஒத்து வராமல் துணி திரும்பத் திரும்பப் போய்வரும் ஊர் நம்முடையது, கூடுதல் கெடு இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. கூடுதல் கெடு, எழுத்தில் நோட்டீஸ் இரண்டையும் கேட்டோம். சேர்த்துக் கொடுத்தார்கள்.

வரி விஷயத்தில் ‘அவாய்ட்’ வேறு, ‘இவேட்’ வேறு. முன்னது சட்டத்துக்கு உட்பட்டு வரியைக் குறைப்பது, பின்னது ஏய்ப்பு. ஆடிட்டரிடம் பேசும்போது மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், மாதிரி பீஸைப் பார்த்துப் பையர் எழுதி அனுப்பும் சாம்பிள் கமெண்ட்ஸில் ‘அவாய்ட் பக்கரிங் அட் நெக்’ (கழுத்தில் சுருக்கம் தவிர்) என்று வரும். முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தையல் லைனில் விட்டுவிடுகிறார்கள். பையர் அதை ஆலோசனையாகச் சொல்லவில்லை; பல்க்கில் (மொத்த உற்பத்தியில்) கழுத்துத் தையல் சுருங்கியிருந்தால் பீஸ் ரிஜெக்ட்தான். அதனால் சூப்பர்வைசருக்குக் கொடுக்கும் தாளில் ‘கழுத்தில் சுருக்கம் வரவே கூடாது’ என்று தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.